கோல்கொண்டே கட்டிய கைகள்

புதுச்சேரியில் கடலை ஒட்டி ஓடும் தெருக்களில் ஒன்று துய்மா வீதி. மஞ்சளும் வெள்ளையுமாகச் சுவர்கள், ஆளுயரத்தைத் தாண்டும் மரக்கதவுகள், மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் காகிதப்பூக்கள் என்று பிரெஞ்சுக் காலத்துத் தெருவின் அடையாளங்கள் அத்தனையும் அங்கே உண்டு. அவற்றுக்கு நடுவே ஒரு கட்டடம் மட்டும் வேறு மாதிரி நிற்கிறது. பூச்சு வேலை செய்யாத சாம்பல் நிறக் கான்கிரீட். மேலிருந்து கீழ்வரை படுக்கைவாட்டில் அடுக்கிய லூவர் பலகைகள். வெளிமுகத்தில் கண்ணாடிக்கு வேலையே இல்லை. முதன்முறை பார்ப்பவர் இதை 1970களில் கட்டியிருப்பார்கள் என்றுதான் நினைப்பார். வேலை தொடங்கியது 1937ல். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே சண்டிகர் நகரை வடிவமைக்க இந்தியாவுக்கு வந்தது அதற்கு 14 ஆண்டுகள் கழித்து, 1951ல்.

கோல்கொண்டே என்பது அதன் பெயர். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் சாதகர்கள் தங்குவதற்காகக் கட்டிய விடுதி. இந்தியாவில் நவீனக் கட்டடக்கலை எப்படித் தொடங்கியது என்று எழுதுபவர்கள் இதை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் வரைபடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த வரைபடத்தைக் கையில் வாங்கி, ஊரில் யாரும் பார்த்திராத ஒரு கட்டடத்தை எழுப்பிய கூட்டத்தைப் பற்றியும் பேச வேண்டும். பொறியாளர்களும் சாதகர்களும் கூலியாட்களும் கலந்த கூட்டம் அது. அதில் கான்கிரீட் வேலை தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

ஸ்ரீ அரவிந்தர் 1910 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்தார். ஆசிரமம் உருப்பெற்றது 1926 நவம்பரில். அவர் தனிமைக்குள் சென்றபின் நிர்வாகம் முழுவதும் அவருடைய ஆன்மிகத் துணைவராக இருந்த அன்னையின் கையில் வந்தது. 1930களில் ஆட்கள் பெருகப் பெருக, வாடகைக்கு எடுத்த பழைய வீடுகள் போதவில்லை. இன்னும் நாலு வீடு வாங்கிப் பழுது பார்த்துக் குடியேற்றியிருக்கலாம். எளிதான வழியும் செலவு குறைந்த வழியும் அதுதான். அன்னை அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

அவர் நினைவில் ஜப்பான் இருந்தது. 1916 முதல் 1920 வரை அங்கே வாழ்ந்தவர் அவர். ஆசிரமத்தில் பவித்ரா என்ற பெயரில் இருந்த ஃபிலிப் பார்பியே சாந்திலேர், பாரிஸின் புகழ்பெற்ற எக்கோல் பொலிடெக்னிக்கில் படித்த பொறியாளர். அவரும் சில ஆண்டுகள் டோக்கியோவில் இருந்தவர். அங்கே அவருக்குப் பழக்கமானவர் அன்டோனின் ராய்மண்ட். செக் நாட்டில் பிறந்து அமெரிக்கக் குடிமகனாகி, 1919ல் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ஃபிராங்க் லாய்ட் ரைட்டோடு ஜப்பான் போன கட்டடக் கலைஞர். ரைட்டை விட்டு விலகி, டோக்கியோவில் தனியாக அலுவலகம் வைத்திருந்தார். புதுச்சேரியிலிருந்து 1935ல் அழைப்பு போனது அவருக்குத்தான்.

பணம் ஹைதராபாத்திலிருந்து வந்தது. நிஜாமின் அரசில் உயர்பதவி வகித்த சர் அக்பர் ஹைதரி ஆசிரமத்தின்மேல் பற்றுள்ளவர். அவர் முயற்சியால் ஒரு லட்சம் ரூபாய் கிடைத்தது. அதற்கு நன்றியாகத்தான் ஹைதராபாத்தின் வைரக் கோட்டையான கோல்கொண்டாவின் பெயர், பிரெஞ்சு உச்சரிப்போடு, கட்டடத்துக்கு வந்தது.

இனி வேலைக்கு வருவோம்.

வரைபடம் கேட்டது என்ன என்பதை ஒரு கொத்தனாரின் இடத்திலிருந்து பார்த்தால்தான் அதன் கடினம் புரியும். செங்கல் சுவரில் ஒரு வரிசை கோணினால் அடுத்த வரிசையில் சரிசெய்யலாம். மிச்சத்தைப் பூச்சு மறைத்துவிடும். கோல்கொண்டேயில் கான்கிரீட்தான் வெளிமுகம், அதன்மேல் பூச்சு கிடையாது. சென்டரிங் பலகையின் ரேகை எப்படி இருக்கிறதோ அப்படியே சுவரில் பதிந்துவிடும். பலகைகளுக்கிடையே ஓர் இடுக்கு இருந்தால் கலவையின் பால் கசிந்து, அந்த இடம் பொறிந்து போகும். கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தால் உப்புக்காற்று அதைப் பிடித்துக்கொள்ளும். துரு ஏறிய கம்பி பருத்துச் சிமெண்டைப் பிளக்கும். கடலோரத்தில் கான்கிரீட் கட்டுகிறவருக்கு இது இன்றும் தலைவலிதான். அன்று தமிழ்நாட்டின் பெரும்பாலான கொத்தனார்களுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும்தான் பழகியவை. ஒரு மூன்றடுக்கு விடுதி முழுவதையும் கான்கிரீட்டில் வார்ப்பது அவர்கள் கேள்விப்படாத காரியம்.

வழக்கமான யோசனை என்னவாக இருந்திருக்கும்? சென்னையிலோ பம்பாயிலோ அனுபவமுள்ள ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்து, தேதி குறித்து, தவறினால் அபராதம் என்று எழுதி வாங்கியிருப்பார்கள். இங்கே கான்ட்ராக்டர் கிடையாது. ஒப்பந்தத் தேதியும் கிடையாது. சாதகர்களே வேலையை நடத்தினார்கள். ஊர்க் கூலியாட்கள் உடன் நின்றார்கள். ஆசிரமத்தின் பொறியாளர் சந்துலாலும் பவித்ராவும் பொறுப்பில் இருந்தார்கள். மற்றபடி வேறு படிப்பும் வேறு தொழிலும் செய்துவிட்டு வந்தவர்கள் கம்பி கட்டவும் கலவை போடவும் கற்றுக்கொண்டார்கள். தெரியாதவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தெரிந்தவர்களைத் தேடுவதற்குப் பதிலாக, இருப்பவர்களுக்குத் தெரியவைப்பது என்ற முடிவு அது. வேலை நீண்டுபோனதற்கும் அதுதான் காரணம், கட்டடம் நன்றாக வந்ததற்கும் அதுதான் காரணம்.

கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே. ராய்மண்ட் தன் டோக்கியோ அலுவலகத்திலிருந்து இரண்டு இளைஞர்களை அனுப்பினார். ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், எம்.ஐ.டி.யில் படித்தவர், வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மற்றவர் ஃபிரான்டிஷெக் சாமர், செக் நாட்டவர், பாரிஸில் லெ கொர்பூசியேயிடம் வேலை பார்த்துவிட்டு மாஸ்கோ வழியாகக் கிழக்கே வந்தவர். ராய்மண்ட் 1938ல் குடும்பத்தோடு வந்து சில மாதம் தங்கிப் போனார். நாள்தோறும் சாரத்தில் நின்றவர்கள் இந்த இருவரும்தான்.

நகாஷிமா ஒரு காரியம் செய்தார். சம்பளத்துக்கு வந்தவர், சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரமத்தில் சேர்ந்துகொண்டார். சுந்தரானந்தா என்று பெயர் பெற்றார். மேற்பார்வையாளராக இருந்தவர் அதன்பின் கூட்டத்தில் ஒருவராகிவிட்டார். பலகை வெட்டுகிறவரும் வரைபடம் போடுகிறவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில், இது இப்படி வராதே என்று தச்சர் சொல்வதற்கு ஒரு தைரியம் வந்துவிடும். பெரிய அலுவலகங்களில் கூட்டம் போட்டுக் கேட்டாலும் வராத பேச்சு அது.

சிக்கனம் கண்டிப்பானதாக இருந்தது. ஆணிக்குக்கூடக் கணக்கு என்பது ஆசிரமத்தார் இன்றும் சொல்லும் செய்தி. காலையில் கொடுத்த ஆணிகளுக்கு மாலையில் பதில் சொல்ல வேண்டும். சென்டரிங் பிரித்த பலகையிலிருந்து பிடுங்கிய ஆணி வளைந்திருந்தால் அதை நிமிர்த்தித் திரும்ப அடிக்க வேண்டும். இதைக் கஞ்சத்தனம் என்று படிப்பது தவறு. ஒரு வளைந்த ஆணியைச் சுத்தியலால் மெல்ல உருட்டி உருட்டித் தட்டி நேராக்குகிற ஆள், அடுத்த ஆணியை அடிக்கும்போது கோணாமல் அடிக்கப் பழகிக்கொள்கிறார். பொருளை மதிக்கச் சொல்லிக்கொடுத்ததில் தொழிலும் சேர்ந்தே வந்தது. ஆனால் நேரத்தை மட்டும் யாரும் இப்படிச் சிக்கனம் பிடிக்கவில்லை. ஆணிக்குக் கணக்கு, நாளுக்குக் கணக்கில்லை. இன்றைய கட்டுமானத்தில் இது அப்படியே தலைகீழ்.

உதார் பின்டோவின் கதை இங்கே முக்கியம். கோவாவைச் சேர்ந்தவர், விமானப் பொறியியல் படித்தவர், 1937ல் ஆசிரமத்துக்கு வந்தார். கட்டடத்துக்குப் போல்ட்டும் கருவியும் தேவைப்பட்டபோது, அவற்றை இங்கேயே செய்துகொள்ள ஒரு பட்டறை எழுந்தது. பொறுப்பு உதாருக்கு. பட்டறைக்கு அன்னை வைத்த பெயர் ஹார்ப்பகான், மொலியேரின் நாடகத்தில் வரும் மகா கருமியின் பெயர். கதவு, ஜன்னல்களுக்கான பித்தளைக் கைப்பிடிகளும் தாழ்களும் ஊரிலேயே வார்க்கப்பட்டன. அதற்கு உருக்கியது பழைய பித்தளைப் பாத்திரங்களை. ஓட்டை விழுந்த குடமும் நசுங்கிய தட்டும் டோக்கியோவில் வரைந்த ஒரு கைப்பிடியின் வடிவத்துக்குள் போய்ச் சேர்ந்தன. 1939ல் போர் மூண்டு கப்பல்கள் தடுமாறியபோது, வெளிநாட்டுச் சரக்கை நம்பியிராத இந்தப் பட்டறைதான் வேலைக்குக் கைகொடுத்தது.

புதிய யோசனை என்றால் பழையதைத் தூக்கிப் போடுவது என்று யாரும் அங்கே நினைக்கவில்லை. உட்சுவர்களைப் பாருங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொண்டு தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய வெள்ளைப் பூச்சு அது, செட்டிநாட்டு வீடுகளில் தூணும் சுவரும் கண்ணாடிபோல் மின்னுமே, அதே வித்தை. தரைக்குக் கடப்பாவின் கறுப்புக் கல். அறைக்கும் நடைக்கும் இடையில் தேக்குமரச் சட்டங்கள் அடுக்கிய இழுகதவு. மூடியிருந்தாலும் காற்று புகும், வெளியே நடப்பவர் கண்ணுக்கு உள்ளே தெரியாது. செக் நாட்டவர் வரைந்து, ஜப்பானில் பழகிய முறையில், தெலுங்கு நாட்டுக் கல்லும் தமிழ்நாட்டுச் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய அறைகள். பூச்சு வேலைக்கு மட்டும் ராய்மண்டின் அலுவலகத்தில் நிபுணர் கிடையாது. அங்கே கொத்தனார்தான் ஆசான்.

வெயிலுக்குச் செய்த ஏற்பாடும் அப்படித்தான், கூர்ந்து பார்த்துச் செய்தது. கட்டடத்தின் நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் விழும். நடை வடக்குப் பக்கம், அறைகள் தெற்குப் பக்கம். லூவர் பலகைகளைத் திறந்தால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடித்தால் சாய்த்து மூடிக்கொள்ளலாம். கூரைத் தளத்தின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை வரிசையாகக் கவிழ்த்திருக்கிறார்கள். ஓட்டுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று நிற்பதால் சூடு அறைக்குள் இறங்காது. மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நம்பாமல் புதுச்சேரியின் சித்திரை வெயிலைத் தாங்கும்படி ஒரு விடுதியை யோசித்திருக்கிறார்கள்.

இத்தனையும் நடந்ததற்கு ராய்மண்ட் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் புதுச்சேரி மாதங்களைத் தனி மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார். காலக்கெடுவும் பண நெருக்கடியும் இல்லாத, ஒப்பந்தக்காரரின் லாபக் கணக்கு குறுக்கே வராத வேலை தன் வாழ்நாளில் கிடைத்தது என்பது அவருக்கு வியப்பு. மறுபக்கம், ஸ்ரீ அரவிந்தர் 1945ல் எழுதிய ஒரு கடிதத்தில், கோல்கொண்டேயில் அன்னை தன் கருத்தையே ராய்மண்ட், சாமர் முதலியோர் வழியாக நிறைவேற்றினார் என்று எழுதுகிறார். கட்டடக் கலைஞர் தனக்கு விடுதலை கிடைத்தது என்கிறார், ஆசிரமம் இது அன்னையின் எண்ணம் என்கிறது. இரண்டும் பொருந்தாதவை போலத் தோன்றும். நல்ல வேலைக் கூட்டத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். என்ன வேண்டும் என்பதில் மேலே இருப்பவர் அசையாமல் நின்றார். எப்படிச் செய்வது என்பதைச் செய்கிறவர்களிடம் விட்டார். தாமதத்துக்காக யாரையும் விரட்டவில்லை. யோசனை சொல்பவனை ஆதரிப்பது என்றால் முதுகில் தட்டிக்கொடுப்பது மட்டும் அல்லவே. அந்த யோசனை தடுமாறும் மாதங்களில் செலவையும் பழியையும் ஏற்றுக்கொள்வது. அன்னை ஏற்றுக்கொண்டார்.

இதில் மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. கோல்கொண்டே முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அதன் முதன்மையான கைகள் கூலி கேட்காத பக்தர்களின் கைகள். வீட்டில் உலை வைக்கக் காத்திருப்பவர்கள் அவர்களுக்கு இல்லை. அதே ஆண்டுகளில், அதே ஊரில், துய்மா வீதியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் வேறு ஆயிரக்கணக்கான கைகள் வேலை செய்துகொண்டிருந்தன. சவானா, ரோடியே, கப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். அங்கே நாளுக்கு எத்தனை மணி நேரம் என்பதே சண்டையாக இருந்தது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் போராடிய தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சு அரசின் படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையாவின் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையையும் தொழிற்சங்க உரிமையையும் தரும் ஆணை வந்தது. கோல்கொண்டேயில் வேலை தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

ஒரு நெசவாளி தறியைப் பற்றி ஆயிரம் நுணுக்கம் அறிந்திருப்பான். நூல் எங்கே அறுகிறது, எந்த உருளை சூடேறுகிறது, எந்த மாற்றம் செய்தால் கழிவு குறையும் என்பது மேற்பார்வையாளரைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தால் வேலை போகும் என்ற நிலையில் அவன் அதைச் சொல்ல மாட்டான். அப்படிச் சொல்வதை ஊக்குவித்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 1898லேயே தொழிலாளர் யோசனைகளுக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஜப்பானின் டொயோட்டா 1951ல் அதே வழியில் இறங்கிப் பின்னாளில் உலகுக்கே பாடமானது. பணியிடத்தில் பேசலாம் என்ற உரிமை முதலில் வர வேண்டும், யோசனை அதற்குப் பின்னால்தான் வரும். புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் அந்த உரிமையை உயிர் கொடுத்து வாங்கினார்கள். கோல்கொண்டேயின் சாதகர்களுக்கு அது கேட்காமலே கிடைத்தது. கட்டடத்தின் பெருமையைப் பேசும் புத்தகங்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பதில்லை. வைத்துப் பார்த்தால்தான் 1937ன் புதுச்சேரி முழுதாகத் தெரியும்.

கட்டியவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். நகாஷிமா 1939ல் ஜப்பான் போய், அங்கிருந்து அமெரிக்கா திரும்பினார். போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காக அவரையும் மனைவியையும் கைக்குழந்தையையும் ஐடஹோவின் மினிடோக்கா முகாமில் அடைத்தார்கள். முகாமில் கிடைத்த கட்டையைக் கொண்டு, ஒரு ஜப்பானியத் தச்சரிடம் அவர் மரவேலை கற்றார். 1943ல் அவரை வெளியே எடுத்தவர் ராய்மண்ட்தான், பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் இருந்த தன் பண்ணையில் வேலை தந்து. இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் நகாஷிமாவின் நாற்காலிகளும் மேசைகளும் அந்த ஊர்ப் பட்டறையில் பிறந்தவை. அதற்கு முன்பே அவர் செய்த அறைக்கலன்கள் கோல்கொண்டேயில் இருக்கின்றன. 1960களில் இந்தியா திரும்பி, அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தோடும் வேலை செய்தார். சாமர் 1942ல் புதுச்சேரியிலிருந்து பிரிட்டிஷ் படையில் சேரப் போனார். போர் முடிந்து சொந்த ஊர் பில்சனுக்குத் திரும்பினார்.

கட்டடம் தங்கிவிட்டது, அதைக் காப்பாற்றும் வேலையும் தங்கிவிட்டது. உதாரின் மனைவி மோனா பின்டோ பல பத்தாண்டுகள் அதன் பொறுப்பில் இருந்தார். எப்படிப் பெருக்குவது, எப்படித் துடைப்பது, லூவரை எப்போது சாய்ப்பது என்று எல்லாவற்றுக்கும் முறை வகுத்து வைத்தார். உப்புக்காற்றில் ஒரு கான்கிரீட் கட்டடம் எண்பது ஆண்டைத் தாண்டி நிற்பதில் வார்த்தவர்களுக்குப் பாதிப் பங்கு என்றால், நாள்தோறும் துடைத்தவர்களுக்கு மீதிப் பங்கு. புதிய ஒன்றைத் தொடங்குபவர்களுக்குக் கிடைக்கும் பெயர் அதைப் பராமரிப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. மோனாவின் பெயராவது தெரிகிறது.

1968 பிப்ரவரி 28ல் அதே அன்னை ஊருக்கு வடக்கே செம்மண் மேட்டில் ஆரோவில் நகரைத் தொடங்கிவைத்தார். அங்கே 1989ல் தொடங்கிய மண் கட்டுமான நிறுவனம், காலடி மண்ணோடு ஏறத்தாழ 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து அழுத்திச் சுடாத கல் செய்யும் முறையைச் சுற்றுவட்டாரக் கொத்தனார்களுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் ஒரே வகுப்பில் சொல்லித் தருகிறது. கல் அழுத்தும் கைப்பொறி ஆரம் 3000 ஆரோவில் பட்டறையிலேயே தயாராகி வெளிநாடுகளுக்கும் போகிறது. பயிற்சிக்கு வருபவர் முதலில் செய்வது உள்ளங்கையில் மண்ணை எடுத்து, நனைத்து, உருட்டிப் பார்ப்பது. களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று கை சொன்ன பிறகுதான் கணக்குத் தாளை எடுக்கிறார்கள்.